அயல்மண்ணில் ஆறாவது வாரம்

கேள்வி: தன்னார்வலராக வெளிநாடு வந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. தொடக்கத்தில் இருந்த உற்சாகம் வடிந்து, இப்போது எல்லாவற்றின் மீதும் எரிச்சல் வருகிறது. திரும்பிவிடலாமா?

பதில்: இந்த மனநிலையில் முடிவெடுக்க வேண்டாம். எப்போது கைகுலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது என்று ஊரில் யோசிக்காமலே செய்துவந்த சின்னஞ்சிறு குறிப்புகள் எல்லாம் ஒரே நாளில் பொருளிழந்துபோவதே இந்தத் தவிப்புக்குக் காரணம் என்று மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். இந்தத் தவிப்பைக் குறிக்கும் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்னும் சொல் பரவலானதும் அவரால்தான். தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான அமைதிப் படை (Peace Corps) தன் 27 மாதப் பணிக்காலத்தில் ஏறத்தாழ முதல் மூன்று மாதங்களை மொழிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குவதிலிருந்தே, பழகுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது விளங்கும். அறைக்குள் முடங்கிக் கைப்பேசியில் வீட்டாரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் ஏக்கம் வளரும்; அதைக் குறைத்துக்கொண்டு, தினமும் ஒரே கடைக்குச் சென்று, அந்த ஊர் மொழியில் ஒரு வாக்கியமாவது தப்பும் தவறுமாகப் பேசுங்கள். கடைக்காரர் உங்கள் உச்சரிப்பைத் திருத்தினால், அதை அன்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உறக்கமும் பசியும் பல வாரங்கள் கெட்டே இருந்தால், தயங்காமல் உங்கள் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.