தீவிர சிகிச்சையில் திடீர்ப் பார்வை இழப்பு

கேள்வி: மூச்சுத்திணறலுக்காக என் தாயார் (வயது 64) தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு நாட்கள் இருந்தார். செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்து, நினைவு தெளிந்ததும், வலக்கண் தெரியவில்லை என்றார். திடீர் கிளாக்கோமா என்கிறார்கள். கண்ணில் குறையே இல்லாதவருக்கு இது எப்படி வந்தது? இடக்கண்ணாவது தப்புமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கண்ணுக்குள் சுரக்கும் நீர், கருவிழியின் ஓரத்தில் உள்ள, கோணம் எனப்படும் இடைவெளியின் வழியே வடிகிறது. சிலருக்கு அந்தக் கோணம் பிறவியிலேயே ஒடுக்கமாக இருக்கும். தூரத்தைப் பார்ப்பதற்கே பிளஸ் பவர் கண்ணாடி அணிபவர்களிடமும், வயதான பெண்களிடமும் இது கூடுதல். பார்வை நன்றாகவே இருப்பதால், 'குறையில்லாத கண்' என்றே அவர்களும் நினைத்திருப்பார்கள். நெபுலைசரில் தரப்படும், மூச்சுக்குழாயை விரிக்கும் இப்ராட்ரோபியம் மருந்து முகமூடியின் விளிம்பில் கசிந்து கண்ணில் படுவது, அட்ரோபின் போன்ற மருந்துகள், நுரையீரலுக்காக நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பது ஆகியவற்றால் கண்மணி விரிந்தோ, லென்ஸ் முன்னே நகர்ந்தோ அக்கோணம் அடைபடலாம். அப்போது 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்க வேண்டிய கண் அழுத்தம் 50-ஐயும் தாண்டி, பார்வை நரம்பை நசுக்கிவிடும். இதுதான் திடீர் கிளாக்கோமா.

விழித்திருப்பவர் என்றால் கண்வலியும் தலைவலியும் வாந்தியும் தாங்காமல் அன்றே மருத்துவமனைக்கு ஓடியிருப்பார். மயக்க மருந்தில் இருப்பவருக்கு வலியைச் சொல்ல வாயில்லை. கண் சிவந்தால், இமை சரியாக மூடாததால் வந்த உலர்வு என்று எண்ணக்கூடும். ஒரு கண்மணி மட்டும் விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றால், மூளையில் ஏதோ பாதிப்பு என்று ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் கருவிழி மங்கியிருக்கிறதா, மூடிய இமையின்மேல் விரல் வைத்தால் விழி கல்லாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்திருந்தால், அசெட்டசோலமைடு, மானிட்டால், சொட்டு மருந்துகள் ஆகியவற்றால் அழுத்தத்தை உடனே இறக்கியிருக்க வாய்ப்புண்டு.

வலக்கண்ணில் நரம்பு சிதைந்த அளவுக்குப் பார்வை திரும்பாது. எஞ்சியிருப்பதைக் காக்கவும் வலியைத் தணிக்கவும் சிகிச்சை தேவை. இடக்கண்ணைக் காப்பாற்ற முடியும், தள்ளிப்போட வேண்டாம். அதன் கோணமும் பெரும்பாலும் ஒடுக்கமாகவே இருக்கும் என்பதால், கண் மருத்துவர் கோனியோஸ்கோப்பி என்னும் கோணப் பரிசோதனை மூலம் அதை உறுதி செய்துகொண்டு, லேசரால் கண்மணியைச் சூழ்ந்த திரையில் சிறு துளையிடுவார். சில நிமிட வேலைதான். கண்புரையும் இருந்தால் லென்ஸை மாற்றுவதே மேல் எனச் சொல்லக்கூடும். அதுவரை நெபுலைசர் தேவைப்பட்டால், முகமூடிக்குப் பதிலாக வாயில் வைக்கும் குழாயைக் கேட்டுப் பெறுங்கள். சளி மாத்திரை வாங்கும்போதும் இந்தப் பாதிப்பைச் சொல்லிவிடுங்கள்.