"முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கோம்மா" என்றாள் மகள்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 51 வயது. மணப்பாறையில் முறுக்கு சுட்டு விற்கிறேன். கணவர் இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. திண்ணையில் ஒரு அடுப்பும் ஒரு இருப்புச்சட்டியுமாக ஆரம்பித்தது, 24 வருஷம் ஓடிவிட்டது.

எண்ணெய் தெறிக்காத நாளே கிடையாது. எங்கள் ஊர் முறுக்கை இரண்டு தடவை பொரிப்போம். அரை வேக்காட்டில் எடுத்து ஆறவிட்டு, மறுபடியும் போட்டு எடுக்க வேண்டும். மாவுக்குள் காற்று நின்றுவிட்டால் முறுக்கு வெடிக்கும். இரண்டு கையிலும் மிளகைத் தூவினதுபோலக் கறுப்புப் புள்ளிகள். வலது மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பெரிய தழும்பு. சித்திரை வெயிலில் கை முழுக்க வியர்த்தாலும் அந்த இடம் மட்டும் வழுவழுவென்று காய்ந்தே கிடக்கும்.

அது மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பட்டது. தீபாவளி ஆர்டர் நேரம், சட்டி சாய்ந்து எண்ணெய் சரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து, "என்னம்மா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். மூன்றாம் நாள் இடது கையை மட்டும் ஊன்றி அச்சைப் பிழிந்தேன். ஆர்டர் கைவிட்டுப் போகக்கூடாதே.

இப்போது அவள் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறாள். ஆவணியில் கல்யாணம். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், "முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கோம்மா, போட்டோவுல கை நல்லா இருக்காது" என்றாள். தைத்துப் போட்டுக்கொண்டேன். சம்பந்தியம்மாவுக்குப் பாயசம் ஊற்றும்போதுகூட ஜாக்கெட் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. லேசர் சிகிச்சை செய்துகொள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். அவள் நல்ல பெண். எனக்கும் இந்தக் கையைப் பார்த்தால் கூச்சம்தான். அப்புறம் ஏன் இவ்வளவு வலிக்கிறது? சிகிச்சைக்குப் போகட்டுமா?

– வாசகி, மணப்பாறை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்த "ஒண்ணுமில்ல" வந்ததும் மனசு கனத்துப்போயிற்று. பிள்ளை பயந்துவிடக்கூடாது என்று சொன்னீர்கள், சரி. பெற்றவள் அப்படித்தான் சொல்வாள். ஆனால் அவள் வளர்ந்த பிறகாவது அதைச் சொன்னீர்களா? சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அந்தத் தீபாவளிக்கு எத்தனை கிலோ ஆர்டர் இருந்தது, எந்தக் கையால் பிழிந்தீர்கள், வந்த பணத்தில் எந்த ஃபீஸைக் கட்டினீர்கள், எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியாதவள் கண்ணுக்கு அது ஒரு சுட்ட தோல், அவ்வளவுதான்.

கூச்சமும் இருக்கிறது, வலியும் இருக்கிறது என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கும். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூசுகிறீர்கள். இந்தக் கை பட்ட பாடு பெற்ற மகளுக்கே தெரியவில்லையே என்று வலிக்கிறது. மகளிடமும் ஒரு பயம் இருக்கலாம். புது வீட்டார் தன் அம்மாவைக் குறைவாக நினைத்துவிடக்கூடாதே என்றுதான் ஜாக்கெட்டைச் சொன்னாளோ என்னவோ. உங்களை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். அவளிடமே கேளுங்கள்.

அந்த இடம் வியர்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சூடு ஆழமாக இறங்கினால் வியர்வைச் சுரப்பிகள் வெந்துபோகும், பிறகு முளைக்காது. கொலாஜன் என்ற நாரைக் கொண்டு உடம்பு புண்ணை மூடிக்கொள்கிறது. அது முதிர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். முதிர்ந்த பிறகும் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதம்தான் திரும்பும். அதாவது உங்களுக்கு நிஜமாகவே ஒரு இழப்பு நேர்ந்திருக்கிறது. அதைக் கொண்டாடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கூட ஒரு ஆள் இருந்திருந்தால், சட்டி ஆடாமல் நின்றிருந்தால், அந்தக் காயமே பட்டிருக்காது. நீங்கள் பெருமைப்பட வேண்டியது அந்த மூன்றாம் நாளை நினைத்து. இடது கையை ஊன்றிப் பிழிந்தீர்களே, அந்த நாளை நினைத்து.

போர்க்களத்தில் நெஞ்சில் பட்ட புண்ணுக்கு விழுப்புண் என்று தனியாக ஒரு பெயர் வைத்த மொழி நம்முடையது. தீயில் கால் கருகியதால்தான் கரிகாலன் என்று பெயர் வந்ததாகச் சின்ன வயதில் கதை கேட்டோம். ராஜாவின் சுட்ட கால் அவனுக்குப் பெயராகவே நின்றுவிட்டது. அடுப்படியில் சுட்ட பெண்ணின் கைக்கு மட்டும் நம்மிடம் ஒரு சொல் இல்லை, முழுக்கை ஜாக்கெட்தான் இருக்கிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு. 2023-இல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டிருக்கும். உங்களைப்போன்றவர்களின் கை இல்லாமல் அந்தப் பெயர் எப்படி வந்திருக்கும்?

சிகிச்சையில் தப்பு எதுவும் இல்லை. தழும்பு அரித்தாலோ, தடித்தாலோ, கையை மடக்கும்போது இழுத்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். லேசர் தழும்பை மங்கவைக்கும், முழுதாக அழிக்காது. நம் நிறத்துத் தோலில் லேசர் பட்ட இடம் கறுத்துப்போவதும் உண்டு. அதனால் கல்யாணத் தேதியை வைத்து அவசரப்பட வேண்டாம். பிறகு நிதானமாக யோசித்து, உங்களுக்கே வேண்டும் என்று தோன்றினால் செய்துகொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அடுத்த தடவை மகள் ஊருக்கு வரும்போது அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையை அவள் மடியில் வையுங்கள். "உனக்காகத்தான் இவ்வளவு பட்டேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படிச் சொன்னால் அவளைக் கடன்காரியாக்கிவிடுவீர்கள். "அன்னைக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்ல, அது பொய்டி" என்று ஆரம்பியுங்கள். பெரிய தழும்பை முதலில் சொல்லுங்கள். அப்புறம் அந்த மிளகுப் புள்ளிகளில் ஞாபகம் இருக்கிறவற்றை. அழுகை வந்தால் இரண்டு பேரும் அழுங்கள்.

கல்யாண ஜாக்கெட்டை அதற்கப்புறம் தைக்கக் கொடுங்கள். கை எவ்வளவு நீளம் வேண்டும் என்று தையல்காரரிடம் நீங்களே சொல்லுங்கள்.