கொலோன் தேவாலயக் கோபுரம்: அம்மாவோடு ஏறலாமா?

ஜெர்மனியின் கொலோன் நகரில் இரண்டு ரயிலுக்கு நடுவே மூன்று மணி நேரம், அம்மாவுக்கு முழங்கால் வலி, கோபுரம் ஏறலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. 533 படி, லிஃப்ட் கிடையாது. குறுகலான சுழல்படியில் இறங்குபவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டே பாதி மூச்சு போய்விடும்.

பெட்டிகளை ரயில் நிலைய லாக்கரில் போட்டுவிடுங்கள்; பெரிய பெட்டியோடு உள்ளே விடமாட்டார்கள். நிலைய வாசலைத் தாண்டினாலே தேவாலயம்தான். அம்மாவைத் தெற்குப் பக்கம் ரிக்டர் ஜன்னல் (ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்) தெரிகிற மாதிரி உட்காரவையுங்கள். 2007-இல் வைத்தது. புனிதர் உருவம் ஒன்றுகூட இல்லை, 72 நிறங்களில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்கள், அவ்வளவுதான். ஆனால் வெயில் அடித்தால் தூணிலும் தரையிலும் வண்ணப் பொட்டுகளாக விழும். அப்புறம் பீடத்துக்குப் பின்னால் மூவரசர் பொற்பேழை; குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று அரசர்களின் எலும்புகள் இருப்பதாகச் சொல்லப்படும் பெட்டி. பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.