ஒரு சக்கரம் மட்டும் ஏன் சுடுகிறது?

கேள்வி: என் கார் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு வாரமாக லேசாக வலது பக்கம் இழுக்கிறது. நேற்று வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால், முன் வலது சக்கரத்தில் கருகிய வாடை. ‘கேலிப்பர் போச்சு, மாத்திடு’ என்கிறார் நண்பர். வீட்டிலேயே பார்த்து உறுதி செய்துகொள்ள முடியுமா? ஜாக்கி, ஸ்பேனர் செட் இருக்கிறது. டயர் மாற்றிப் பழக்கம் உண்டு.

பதில்: முடியும். கேலிப்பர் என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை இரண்டு பக்கமும் பேடுகளால் நெருக்கிப் பிடிக்கும் பாகம்; பேடுகளைத் தள்ளுவது அதற்குள் இருக்கும் பிஸ்டன். ஆனால் முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். வண்டி இழுப்பது சும்மா ஓடும்போதா, பிரேக் மிதிக்கும்போதா? பெடலில் கால் இல்லாதபோதே வலது பக்கம் போனால், அந்தச் சக்கரத்தை பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. மிதித்தால் மட்டும் வலது பக்கம் போனால், இடது பக்கத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். அங்கே பிடிக்கவில்லை, வலது ஒழுங்காகப் பிடிக்கிறது, அதனால் வண்டி அந்தப் பக்கம் திரும்புகிறது. நல்லதைக் கழற்றிப் போட்டவர்கள் நிறைய. உங்களுக்குக் கருகல் வாடையும் இருப்பதால் முதல் வகையாகத்தான் தெரிகிறது.

பிரேக்கை அதிகம் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்துங்கள். இந்த நிலையில் நீண்ட தூரம் வேண்டாம்; சூட்டில் பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரையோடு போய்விடும். இரண்டு முன் சக்கரங்களின் ரிம் பக்கத்திலும் புறங்கையைத் தொடாமல் நீட்டிப் பாருங்கள். ஒன்றில் அனல் அடித்து மற்றதில் ஒன்றுமில்லை என்றால் சந்தேகம் தீர்ந்தது. டிஸ்கில் விரல் வைத்துவிடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, டிஸ்க் வளையும்.

ஆறிய பிறகு சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பேட் லேசாக உரசும் ‘சர்ர்’ சத்தம் எல்லா வண்டியிலும் இருக்கும். ஒருவரை பெடலை மிதித்து விடச் சொல்லுங்கள். விட்டதும் சக்கரம் சுற்ற வேண்டும். இரண்டு கையாலும் இழுத்தால்தான் நகர்கிறது என்றால் ஜாம்.

இப்போது சக்கரத்தைக் கழற்றி பேடுகளைப் பாருங்கள். உள் பேட் தேய்ந்து, வெளி பேட் கனமாக இருந்தால் கேலிப்பர் வழுக்கி நகரும் கம்பிகளான பின்கள் இறுகியிருக்கலாம், இல்லையேல் பிஸ்டன் திரும்பவில்லை. ஒரே பேட் ஆப்பு மாதிரி சாய்வாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஒரு பின் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கும். பின்னை உருவிப் பாருங்கள். நல்ல பின் விரலோடு வழுக்கிக்கொண்டு வரும். கெட்டது காய்ந்து, துருப்பொடியோடு முனகிக்கொண்டு வரும். துடைத்துவிட்டு, பிரேக்குக்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதி, பின் முன்பைவிட இறுகும். கேலிப்பரைக் கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸில் தொங்க வேண்டாம். தூசியை வாயால் ஊதவும் வேண்டாம்.

பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அதைச் சுற்றி, குறுக்குவெட்டில் சதுரமான ஒரு ரப்பர் வளையம் (சீல்) இருக்கும். மிதிக்கும்போது அது முறுக்கிக்கொள்ளும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை பின்னால் இழுக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. பிஸ்டனில் துரு ஏறினால் அந்த மயிரிழையும் போய்விடும். பிஸ்டனைத் தூசியிலிருந்து காக்கும் ரப்பர் உறையான டஸ்ட் பூட்டின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் சீல் போய்விட்டது.

சரி, நண்பர் சொன்னபடி கேலிப்பரை மாற்றிவிடலாமா? நானே ஒரு முறை இப்படிப் புதுசு மாட்டிக் கொடுத்தேன். இரண்டே நாளில் அதே வண்டி, அதே வாடையோடு திரும்பி வந்தது. குற்றவாளி பிரேக் ஹோஸ். வெளியே பளபளவென்று இருந்தது, உள்ளே ரப்பர் உரிந்து கிடந்தது. மிதிக்கிற அழுத்தத்தில் ஆயில் போய்விடுகிறது, திரும்பி வர வழியில்லை. எனக்கு அன்று வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதனால் சக்கரம் ஜாமாக இருக்கும்போதே கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் சிறு திருகான பிளீடர் நிப்பிளில் ஒரு டியூப் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, கால் சுற்று திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சியடித்து டிஸ்க் சட்டென்று இளகினால் கேலிப்பர்மேல் பழி போடாதீர்கள். அழுத்தம் மேலே அடைபட்டிருக்கிறது, ஹோஸைப் பாருங்கள். திறந்தும் அசையவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோதான். பார்த்த பிறகு நிப்பிளை மூடி, காற்று போகும்படி பிளீட் செய்ய வேண்டும். ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: பின் சக்கரத்துக்குப் புது பேட் போடப் பார்த்தேன். கிளாம்ப் போட்டு நெருக்கியும் பிஸ்டன் உள்ளே போகவில்லை. ஜாமா?

பதில்: கிளாம்பை உடனே எடுத்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக் கேலிப்பரிலேயே இருக்கும் பல வண்டிகளில் பின் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். நெருக்கினால் உள்ளே இருக்கும் மரை கெட்டுவிடும். பட்டன் அழுத்தும் ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கையேட்டில் பாருங்கள்.

கேள்வி: பேட் மாற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். பெடல் சொத்தென்று கீழே போனது, சுவரில் இடிக்காமல் தப்பித்தேன். என்ன தப்பு?

பதில்: பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள், அதற்கும் பேடுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். அடுத்த தடவை நகர்த்துவதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். நாலைந்து மிதி போதும். அப்போதும் கெட்டியாகவில்லை என்றால் லைனில் காற்று, வண்டியை எடுக்காதீர்கள்.