மின்வேதியியலில் பிஎச்.டி.: சேருமுன் பார்க்க வேண்டியவை

மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கப்போகிறாள், மின்வேதியியலில் பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறாள், அதைப் படித்தால் வாத்தியார் வேலையைத் தவிர வேறு கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் அது அவள் சேரும் ஆய்வகத்தைப் பொறுத்தது.

மின்சாரத்துக்கும் வேதிவினைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் இந்தத் துறையில் இரண்டு கைவேலைகள் உண்டு. வயலோஜன், போர்ஃபிரின் போல எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் மூலக்கூறுகளைத் தயாரிப்பது ஒன்று. அவற்றை மின்முனையில் வைத்து அளப்பது மற்றொன்று. பேட்டரி, சென்சார், நிறம் மாறும் கண்ணாடி எதுவானாலும் இரண்டும் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. 1980-களில் வந்த சர்க்கரை மீட்டர் ஒன்றில் எலக்ட்ரானைக் கடத்தியது, இரும்பு கொண்ட ஃபெரோசீன் என்ற சேர்மத்தின் வழிப்பொருள்தான்.

அவளுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க அந்த ஃபெரோசீனே போதும். அசிட்டோநைட்ரைலில் 1 மில்லிமோலார் ஃபெரோசீன், மின்சாரம் கடத்த 0.1 மோலார் டெட்ராபியூட்டைல் அமோனியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் உப்பு. (பெர்குளோரேட் உப்பு வேண்டாம், காய்ந்தால் வெடிக்கக்கூடியது.) கிளாசி கார்பன் மின்முனையை 0.3, பிறகு 0.05 மைக்ரான் அலுமினாவில் தேய்த்துக் கழுவி, நைட்ரஜனைப் பத்து நிமிடம் செலுத்திவிட்டு, நொடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளப்பது) எடுக்கட்டும். வளைகோட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் இரண்டு பீக்குகளுக்கும் (உச்சிகளுக்கும்) இடைவெளி கணக்குப்படி சுமார் 57 மில்லிவோல்ட். நடைமுறையில் 65 முதல் 80 வந்தால் நல்ல செல்.

150 வந்தால்தான் பாடமே தொடங்குகிறது. முதலில் மின்முனையை மறுபடி தேய்க்க வேண்டும். பிறகு ரெஃபரன்ஸ் மின்முனையின் (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைப்பது) நுனி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போதும் சரியாகாவிட்டால் ஃபெரோசீன் செறிவைப் பாதியாக்கிப் பார்க்கலாம். இடைவெளி சுருங்கினால் குற்றவாளி கரைசலின் மின்தடை; அப்படியே இருந்தால் எலக்ட்ரான் மாற்றமே மந்தம். ஒரு நாள் முழுக்க இதிலேயே போகும். எரிச்சல் வராமல் அடுத்த காரணத்தைத் தேடுகிறவளா அவள்? ஐந்து வருடமும் வேலை இதேதான். மதிப்பெண்ணைவிட இதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

ஆய்வகம் தேடும்போது பேராசிரியரின் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அங்கிருக்கும் மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள்: பொட்டென்ஷியோஸ்டாட் (இந்த அளவீட்டை எடுக்கும் கருவி) எத்தனை, அதற்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? தயாரித்தவரே அளக்கிறாரா, அல்லது சாம்பிளைக் கொடுத்துவிட்டுக் கிராஃபை வாங்கிக்கொள்கிறாரா? முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

இரண்டு வருடத்துக்குள் வீட்டுக்குச் சம்பளம் தேவையென்றால் பிஎச்.டி.யைத் தள்ளிவைக்கலாம். எம்.எஸ்சி.யோடு முலாம் பூசுதல், அரிப்புத் தடுப்பு, பேட்டரித் தரப் பரிசோதனை ஆகியவற்றில் நுழையலாம். இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு எதிரான தடை) அளவீடும் கொஞ்சம் பைதான் நிரல்மொழியும் தெரிந்திருந்தால் கைகொடுக்கும்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் ‘சிறுவயது முதலே ஆர்வம்’ என்ற வரி வேண்டாம். அவள் எடுத்த ஃபெரோசீன் வளைகோட்டை, கரைப்பான், உப்பு, செறிவு, வேகம், ரெஃபரன்ஸ் மின்முனை ஆகியவற்றைக் கீழே குறித்து, இணைக்கச் சொல்லுங்கள். பீக் இடைவெளி 90 என்றால் 90 என்றே எழுதி, ஏன் என்று ஒரு வரி சேர்க்கட்டும்.