அடைத்த வீட்டுக்கும் மூச்சு வேண்டும்

கேள்வி: கொடைக்கானலில் குளிர் புகாதபடி இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைத்து வீடு கட்டினோம். விடிந்தால் கண்ணாடியில் நீர் வழிகிறது, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை, தலை கனக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஹீட்டர் சூடு போய்விடுகிறது. என்ன செய்வது சார்?

பதில்: ஜன்னலில் தவறில்லை அம்மா. நீங்கள் விடும் மூச்சும் குளியலறை ஆவியும் வெளியேற வழியில்லை, அவ்வளவுதான். வெளிக்காற்றுக்கென்று தனிக் குழாய் போடுங்கள்; சூட்டை மீட்கும் பெட்டியோடு. வெளியேறும் காற்றும் உள்ளே வரும் காற்றும் கலக்காமல், மெல்லிய தகடுகளின் இருபுறமும் ஓடும்; சூடு மட்டும் தகடு வழியே புதுக்காற்றுக்கு மாறும். வெளியே 8 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால், 75 சதவீதம் மீட்கும் பெட்டி 17 டிகிரியில் புதுக்காற்று தரும். 100 சதுர மீட்டரில் மூன்று படுக்கையறை இருந்தால், ஆஷ்ரே 62.2 என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் வீட்டுக் காற்றோட்ட விதிப்படி வினாடிக்கு 29 லிட்டர் புதுக்காற்று வேண்டும். புதுக்காற்றைப் படுக்கையறையில் விடுங்கள். பழையதைக் குளியலறை, சமையலறைப் பக்கமிருந்து இழுங்கள்.

குன்னூரில் என் வீட்டில் காற்று உள்ளே வரும் வாய், வெளியேறும் வாய் இரண்டையும் ஒரே சுவரில் இரண்டடி இடைவெளியில் வைத்துவிட்டேன். தாளித்த வாசனை அப்படியே படுக்கையறைக்குத் திரும்பியது. பத்தடி தள்ளிய பிறகே நின்றது. மழைச்சாரல் புகாமல் குழாயை வெளிப்பக்கம் லேசாகச் சரித்து, மூடியும் வலையும் போடச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். கரி எரியும்போது வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.