கோலப் போட்டியோடு நிற்காத மாணவியர் குழு

கேள்வி: வள்ளியூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் படிக்கிறேன். எங்கள் மாணவியர் குழு மகளிர் தினத்தன்று கோலப் போட்டி வைப்பதோடு சரி. உருப்படியாக நடத்த என்ன செய்யலாம், மேடம்?

பதில்: முதலில் கல்லூரி பஸ் புறப்படும் நேரத்தைப் பாருங்கள். பாபநாசத்துக்கும் திசையன்விளைக்கும் போகிற பிள்ளைகள் மாலைக் கூட்டத்துக்குத் தங்க மாட்டார்கள். விடுதி மாணவியர் மட்டுமே மிஞ்சுவார்கள். வாரம் ஒரு நூலக வகுப்பைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கிடைத்த நேரத்தில் பேச்சாளரை அழைத்துச் சால்வை போர்த்த வேண்டாம். உங்கள் கல்லூரியின் இறுதியாண்டு புராஜெக்ட் குழுக்களைக் கவனித்திருப்பீர்கள். சர்க்யூட் வேலையைப் பையன்கள் எடுத்துக்கொள்ள, ‘பொறுமைசாலி’ என்ற பாராட்டோடு அறிக்கை தயாரிக்கும் வேலை பெண்கள் தலையில் விழும். ‘இதில் நீங்கள் செய்தது எந்தப் பகுதி?’ என்று வேலைக்கான நேர்முகத்தில் கேட்கும்போதுதான் அதன் நட்டம் தெரியும். ஆகவே உங்கள் குழுவில் எல்லோரும் கருவி பிடிக்க வேண்டும். எரியாத எல்.இ.டி. பல்புகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். உள்ளே டையோடுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று கருகினாலே மொத்தமும் அணைந்துவிடும். மல்டிமீட்டரால் அதைத் தேடிப் பிடிக்கட்டும். சோதனை முழுவதும் மின் இணைப்பு இல்லாமல்தான். மின்தேக்கியில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை யாரும் கைவைக்கக் கூடாது. ‘துப்பட்டா இருக்கிறது, லேத் பக்கம் வராதே’ என்று பட்டறையில் விரட்டினால், ஒதுங்கிவிடாமல் மேற்சட்டையும் தொப்பியும் ஷூவும் கேட்டு வாங்குங்கள். துப்பட்டாவைக் கழற்றி வைத்து, பின்னலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டால் லேத்தில் நிற்கத் தடையில்லை.

கல்லூரியில் ஐ.இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகளாவிய சங்கம்) மாணவர் கிளை இருந்தால், அதன் கீழ் ‘விமன் இன் இன்ஜினியரிங்’ பிரிவு தொடங்க 6 உறுப்பினர்கள் போதும். ஆண்களும் சேரலாம், சேர்த்துக்கொள்ளுங்கள், அறிக்கை எழுதக் கற்றுக்கொள்ளட்டும்.

இன்னொரு தடை வீடு. மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது, கூடங்குளத்தில் அணுமின் நிலையம், பணகுடி வழியெங்கும் காற்றாலைகள். இத்தனையும் பக்கத்தில் இருந்தும், ‘பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு அந்த வேலை’ என்பார்கள். அவர்களிடம் வாதாடிப் பயனில்லை. துணை மின் நிலையத்திலோ ஆலையிலோ வேலை பார்க்கும் உங்கள் பழைய மாணவியர் இரண்டு பேரைப் பெற்றோர் கூட்டத்தில் பேச வையுங்கள். சம்பளம், ஷிப்ட், தங்குமிடம் மூன்றையும் ஒளிக்காமல் சொல்லட்டும். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940களில், இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான லலிதா ஒரே மாணவியாகத் தனித்திருந்தபோது, சிவில் பிரிவில் திரேசியாவும் லீலம்மாவும் வந்து சேர்ந்த பிறகே விடுதியில் அவருக்குத் துணை கிடைத்தது. நம் வீடுகளிலும் ‘கூட யார் போகிறார்கள்?’ என்பதே முதல் கேள்வி.

முதலாண்டு மாணவியருக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்னும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகையைச் சொல்லுங்கள்: ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

பாலியல் தொல்லைப் புகார் வந்தால் குழுவே பஞ்சாயத்துப் பேசக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் கொடுக்க உடன் செல்லுங்கள், அதோடு நில்லுங்கள்.

நான்காம் ஆண்டு தொடங்கியதும் வளாக வேலைவாய்ப்புத் தேர்வில் உங்களுக்கு மூச்சு விட நேரம் இராது. அதற்கு முன்பே இரண்டாமாண்டு மாணவி ஒருவரைச் செயலாளராக்கி, கருவிப் பட்டியலையும் அலமாரிச் சாவியையும் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிடுங்கள்.